கூத்து வெளிச்சத்துக்கு ஒரு கேமரா

2014-இல் கேமராவுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்தது 22,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். அந்தத் தொகையோடு எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே வகைதான் எடுத்து வைத்தார்கள்: நுழைவுநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. லென்ஸ், இலவசமாக ஒரு பையும் மெமரி கார்டும். மோசமான கேமராக்கள் என்று சொல்ல மாட்டேன். பகலில் கோயில் கோபுரத்தையும் வீட்டு விசேஷத்தையும் குறை சொல்ல முடியாதபடி எடுத்துக் கொடுக்கும். ஆனால் நான் எடுக்க ஆசைப்பட்டது தெருக்கூத்தை.

எனக்குச் செய்யாறு பக்கத்தில் கிராமம். கூத்துக்குப் பேர்போன வட்டாரம். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பிற்பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்கு மேல் தொடங்கினால் பொழுது விடியும்வரை ஓடும். சின்ன வயதில் பாயும் போர்வையுமாகப் போய் முன்வரிசையில் இடம்பிடித்துப் பார்த்தவன் நான். வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகும் பாரதம் நடக்கும் மாதங்களில் ஊருக்குப் போவதை விட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொருவராக வயதாகிக்கொண்டிருந்தது. அவர்கள் அரிதாரம் பூசிக்கொள்வதை, திரைக்குப் பின்னால் நின்று பாடுவதை, திரை விலகியதும் ஆடி வருவதைப் படமாக எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. ஆடுகளத்துக்கு மேலே கட்டிய மூங்கிலில் நாலைந்து டியூப்லைட், ஓரத்தில் பளிச்சென்று ஒரு விளக்கு, அவ்வளவுதான். கண்ணுக்கு அது தாராளம், கேமராவுக்குப் போதாது. அலுவலக நண்பரின் கேமராவை ஓர் இரவு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். 18-55 லென்ஸை 55-க்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/20 நொடியைத் தாண்டவில்லை. நின்ற இடத்தில் நின்று வசனம் பேசுகிறவர் ஓரளவு தெளிவாக விழுந்தார். கர்ணன் சுழன்று ஆடத் தொடங்கியதும் படத்தில் மிஞ்சியது கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் இழுத்த கோடுகள் மட்டும். பிளாஷ் போட மனம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு, ஊரே லயித்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுக்கு நடுவில், ஆடுகிறவரின் கண்ணில் போய் வெளிச்சத்தை அடிப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் ஒருவர் சொல்லித்தான் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியறையில் கேமரா பழுது பார்க்கும் பெரியவரைத் தேடிப் போனேன். எல்லோரும் அவரை பாய் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். யாஷிகா, அக்ஃபா கிளிக், பென்டாக்ஸ் என்று ஃபிலிம் காலத்துக் கேமராக்களைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. டிஜிட்டல் வந்த பிறகு அதையும் கற்றுக்கொண்டிருந்தார். மேசைமேல் கழுத்து வளைந்த விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, பாட்டில் மூடிகளில் பிரித்து வைத்த மிகச் சிறிய ஸ்க்ரூக்கள். 22,000-க்கு என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டேன்.

“கேமரா பேரை அப்புறம் பேசலாம் தம்பி. நீ எதைப் படம் எடுக்கப் போறே? எத்தனை மணிக்கு? எங்க உக்காந்துக்கிட்டு?”

சொன்னேன். நண்பரின் கேமராவில் எடுத்த படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப நீ முதல்ல லென்ஸ் வாங்கு. அம்பது எம்எம், ஒன் பாயின்ட் எய்ட். மிச்சம் இருக்கற காசுக்கு, அதுக்கு ஒத்துவர்ற பழைய பாடி எது நல்லதா கிடைக்குதோ அதை வாங்கிக்க.”

அதுவரை நான் கேட்ட அறிவுரைகள் எல்லாம் இதற்குத் தலைகீழ். நல்ல பாடியாகப் பார்த்து வாங்கு, லென்ஸ் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எத்தனை மெகாபிக்சல், எந்த வருஷத்து மாடல் என்பார்கள். பாயின் கணக்கு எளிது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிதாகும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 9.7. அதாவது அதே நேரத்தில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/20 நொடியில் இழுபட்ட கர்ணனை 1/200-இல் நிறுத்திப் பிடிக்கலாம். பாடியை மாற்றி அந்தப் பத்து மடங்கைப் பெறுவது என் வருமானத்தில் நினைத்தும் பார்க்க முடியாத செலவு. இந்த லென்ஸோ பழையது ஐயாயிரத்துக்குக் கிடைத்தது. விலை குறைவு என்பதால் மட்டமானது என்று எண்ண வேண்டாம். ஜூம் கிடையாது, உள்ளே ஆறே கண்ணாடிகள், பல பத்தாண்டுகளாகத் தேறிவந்த வடிவமைப்பு. அதனால்தான் அந்த விலை. பழைய சாமான் வாங்குகிறவனுக்கு இதைவிட நல்ல பொருள் புகைப்படத் துறையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

‘ஒத்துவர்ற பாடி’ எது என்பதில்தான் தேர்வு முழுவதும் அடங்கியிருந்தது. நிக்கான் தன் லென்ஸ் மாட்டும் வளையத்தை 1959-இல் கொண்டுவந்தது. அதன் டிஎஸ்எல்ஆர்கள் எல்லாம் அந்த வளையத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் லென்ஸ் மாட்டிக்கொள்கிறது என்பதாலேயே அது தானாக ஃபோகஸ் ஆகிவிடாது. நான் வாங்க இருந்த விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. பாடிக்குள் ஒரு மோட்டார் இருந்து, வளையத்தின் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் சின்னத் திருகுமுனை வழியாக அதைச் சுழற்ற வேண்டும். டி40, டி60, டி3000, டி3100, டி5000 ஆகியவற்றில் அந்த மோட்டார் கிடையாது. டி70, டி80, டி90, டி7000 ஆகியவற்றில் உண்டு. புத்தம் புதுசு மாதிரி இருந்த டி3100 ஒன்றை நண்பர் ஒருவர் 14,000-க்குத் தருவதாகச் சொன்னார். அழகான கேமரா. இந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம் என்றேன். இருட்டில், எஃப் 2-இல், ஆடும் மனிதர்மேல் கையால் ஃபோகஸ் செய்வது நடக்கிற காரியமில்லை.

கேனனில் இந்தத் தொல்லையே இல்லை. 1987-இல் வந்த இஎஃப் வரிசையில் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பழைய 50 மி.மீ. எஃப் 1.8 எந்த கேனன் டிஎஸ்எல்ஆரிலும் ஃபோகஸ் ஆகும். 450டி-யில் ஐஎஸ்ஓ 1600-உடன் நின்றுவிடும் என்பதால் அதை விட்டேன். 500டி பாடியும் 50 மி.மீ. லென்ஸும் சேர்த்து என் பணத்துக்கு அடக்கமாகவே ஓரிடத்தில் இருந்தது. பாதி மனதோடு அதைக் கையில் எடுத்தேன். ஷட்டர் வேகத்துக்கும் துவாரத்துக்கும் அதில் ஒரே சக்கரம். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு சுழற்றினால் ஒன்று, அழுத்தாமல் சுழற்றினால் மற்றொன்று. டி90-இல் கட்டைவிரலுக்கு ஒரு சக்கரம், ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. மேலே சின்னத் திரை. தேவைப்பட்டால் அதற்கு ஒரு விளக்கு. இருட்டில் கண்ணை எடுக்காமல் விரல்களே வேலையைப் பார்த்துக்கொள்ளும். டி90 வந்தது 2008-இல், 12.3 மெகாபிக்சல், வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் என்பதால் அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. எனக்கு அதன் வீடியோ முக்கியமில்லை. ஐஎஸ்ஓ 3200 இருந்தது, மோட்டார் இருந்தது, இரண்டு சக்கரங்கள் இருந்தன.

டி7000 இதைவிட எல்லா வகையிலும் மேல். விலைதான் எட்டவில்லை. எட்டாததை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி, பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஷட்டர் எண்ணிக்கை. நிக்கானில் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் அந்தக் கேமரா அதுவரை எத்தனை முறை ஷட்டரைத் திறந்து மூடியது என்ற எண் பதிவாகியிருக்கும். கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். டி90-இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும் என்றில்லை. தாண்டியதற்குத் தகுந்த விலைதான் கொடுக்க வேண்டும். ஒரு கடையில் பளபளவென்று ஒரு டி90. ரப்பர் எல்லாம் புதிது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டியிலிருந்து நேற்றுத்தான் எடுத்ததென்று தோன்றும். எண்ணிக்கை 1,30,000-ஐத் தாண்டியிருந்தது. கல்யாணம் கல்யாணமாக ஓடிய கேமரா. வெளித்தோற்றம் ஏமாற்றும் என்பது இந்தச் சந்தையில் அடிக்கடி நேரில் கண்ட உண்மை. அதற்கு மாறாக, பின்பக்கம் கட்டைவிரல் படும் ரப்பர் உப்பி, ஓரம் கழன்று தொங்கும் டி90-களைப் பலரும் ஒதுக்குவார்கள். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் அந்த மாடலுக்கு வழக்கமாக வரும் கோளாறு அது. எடுத்து ஒட்டினால் தீர்ந்தது. பேரம் பேச நல்ல காரணமும்கூட.

நான் வாங்கியது அப்படி ரப்பர் உப்பிய ஒன்றைத்தான். வேளச்சேரியில் ஓர் இளைஞர், ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவதால் விற்கிறார். பாடியும் 50 மி.மீ. லென்ஸும் சேர்த்து 21,500 சொன்னார். எண்ணிக்கை 41,000-த்துச் சொச்சம். கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பில்லில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. இதை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை, சார்ஜரும் இல்லை, விலை மட்டும் பாதி என்றால் அந்தக் கேமராவை இழந்த ஒருவர் எங்கோ வருத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். “ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்கிக்கிறேன், நீங்களும் கூட வாங்க ப்ரோ” என்றேன். அவர் தயங்காமல் பைக்கை எடுத்தார். அந்தத் தயங்காமையே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது.

பாய் அதைப் பார்த்த விதத்தை எழுதியாக வேண்டும். முதலில் லென்ஸைக் கழற்றி, துவார வளையத்தை 1.8-க்குத் திருப்பி முழுக்கத் திறந்து வைத்தார். சின்ன டார்ச்சை முன்பக்கம் நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து பார்த்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத பூஞ்சை சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஓடும். கடற்கரை ஊரில் பீரோவுக்குள், தோல் உறைக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த லென்ஸ்களில் இது சாதாரணம். இதில் நாலைந்து தூசி மட்டும்தான். “தூசி படத்துல விழாது, விடு.” பிறகு வளையத்தைச் சிறிய துவாரத்துக்குத் திருப்பி, லென்ஸின் பின்புறத்துச் சின்ன நெம்புகோலை நகத்தால் தள்ளித் தள்ளி விட்டார். துவார இதழ்கள் பட்டென்று விரிந்து பட்டென்று மூடின. எண்ணெய் கசிந்திருந்தால் சோம்பலாக மூடும். வெளிச்சக் கணக்கு முழுக்கத் தப்பிப்போகும்.

பாடிக்கு வந்தார். துவாரத்தை 22-க்கு இறுக்கி, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி அதில்தான் கரும்புள்ளியாகத் தெரியும். மூடியைப் போட்டு 30 நொடி ஒரு படம். கன்னங்கரேலென்ற படத்தில் சிவப்பும் நீலமுமாக எத்தனை புள்ளிகள் எரிகின்றன என்று பார்த்தார். மெனுவில் பேட்டரி விவரத்தைத் திறந்தார். அந்த பேட்டரியே தன் வயதை 0 முதல் 4 வரை சொல்லும். இது 1 என்றது. கடைசியாகத் தினத்தந்தியை மேசைமேல் சாய்த்து நிறுத்தி, நடுவில் ஒரு தலைப்பு எழுத்தின்மேல் ஃபோகஸ் வைத்து எஃப் 1.8-இல் எடுத்தார். அந்த எழுத்து கூர்மையாகவும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள் சம அளவில் மங்கியும் இருக்க வேண்டும். டி90-இல் ஃபோகஸைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தித் திருத்தும் வசதி இல்லை. அதனால் இந்த பாடியும் இந்த லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது அவசியம். பொருந்தின. ரப்பரைக் காட்டி 1,000 ரூபாய் குறைக்கச் சொன்னதும் பாய்தான். இளைஞர் ஒப்புக்கொண்டார்.

நாங்கள் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒருவர் அதே மாதிரி லென்ஸ் மாட்டிய கேமராவோடு மேலே வந்தார். திரையில் ‘எஃப்ஈஈ’ என்று ஏதோ மின்னுகிறது, கேமரா போச்சு என்று முகமெல்லாம் வாடியிருந்தது. பாய் லென்ஸ் வளையத்தை 22-க்குத் திருப்பி, பக்கத்தில் இருந்த பூட்டைத் தள்ளினார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. காசு வாங்கவில்லை. துவார வளையம் உள்ள பழைய லென்ஸைக் குறைந்தபட்சத் துவாரத்தில் பூட்டி வைத்தால்தான் கேமரா அதைத் தானே இயக்க முடியும். பழைய பொருளோடு கூட வரும் இந்த மாதிரி அறிவு எந்தப் பெட்டிக்குள்ளும் இருப்பதில்லை. கை மாறிக் கை மாறித்தான் வருகிறது.

அந்த ஆண்டின் முதல் கூத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். தாளக்காரருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார இடம் கொடுத்தார்கள். எஃப் 2, ஐஎஸ்ஓ 1600, 1/250 நொடி. ஆட்டக்காரர் அசையாமல் விழுந்தார், ஆனால் அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாக, ஒன்று இருண்டு, ஒன்று பச்சை பாய்ந்து வந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, 1/250-இல் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரிகிறது. வேகத்தை 1/100-க்கு இறக்கினேன். ஒரு முழு மங்கலும் பிரகாசமும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அடங்க, நிறம் நிலைத்தது. 1/100-இல் வேகமான சுழற்சி கொஞ்சம் இழுபடும். முகம் நிற்கும், பாவாடை விசிறி ஓடும். கூத்துக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. ஆட்டமே தெரியாமல் சிலையாக நின்றுவிட்ட படத்தைக் காட்டினால் அந்த இரவை யார் நம்புவார்கள்?

50 மி.மீ. லென்ஸ் அந்த அளவு சென்சாரில் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஒரு முகம், ஒரு தோள்கட்டை, அவ்வளவுதான் சட்டகத்துக்குள் வரும். ஜூம் இல்லாததால் எழுந்து நகர வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நகர முடியாது. அதனால் இருக்கும் இடத்திலிருந்து தெரிவதை நன்றாகப் பார்க்கப் பழகினேன். அரிதாரக் கொட்டகைக்குள் அனுமதி கிடைத்தது பிறகுதான், படங்களை அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு. பல வருஷம் திரௌபதி வேஷம் கட்டிய பெரியவர் ஒருவர், பாதி அரிதாரத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன் படத்தை வாங்கி, “துச்சாதனன்கிட்ட மாட்டறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்திருக்கேன், பாரு” என்று மகனிடம் காட்டினார். அந்தப் படம் ஒன்றுக்கே 20,500 தகும்.

தேவைக்கேற்பக் கருவியைக் கூட்டிக்கொள்ளும் வழக்கத்துக்கு நம்மிடையே பெரிய முன்னோடி ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அதற்காக வெவ்வேறு கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தானே உருவாக்கிக்கொண்ட பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வைத்திருந்தார். அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்க்கிற யாரும் கேமரா எந்த மாடல் என்று கேட்க மாட்டார்கள். எந்த விலங்கை எந்த வெளிச்சத்தில் எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி அதற்குப் பிறகு வந்தது.

வாங்கிய பிறகு காப்பாற்றுவது தனி வேலை. நான் தோல் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சமையலறையில் பருப்பு போட்டு வைக்கும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லோடு கேமராவை வைத்தேன். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் வெறும் வாணலியில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அதற்கென்று ஒரு வாணலியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த லென்ஸில் இன்றுவரை பூஞ்சை பிடிக்கவில்லை.

2018-இல் நிக்கானும் கேனனும் கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) புதிய வரிசைகளைக் கொண்டுவந்த பிறகு டிஎஸ்எல்ஆர்களின் பழைய விலை நன்றாக இறங்கிவிட்டது. புது வரிசை பாடியில் என் 50 மி.மீ.யை நிக்கானின் அடாப்டர் வழியாக மாட்டலாம், ஆனால் அந்த அடாப்டருக்குள் திருகுமுனை மோட்டார் இல்லாததால் ஃபோகஸைக் கையால்தான் செய்ய வேண்டும். ஆகவே அந்த லென்ஸ் இருக்கும்வரை டி90-ஐ விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.

சமீபத்தில் பொள்ளாச்சியில் இருக்கும் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, உங்களோட மாதிரியே ஒண்ணு எனக்கும் பார்த்துக் குடுங்க.” தாவரவியல் படிக்கிறாள். எதைப் படம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். வீட்டுத் தோட்டத்துச் சிலந்திகளை என்றாள். அப்படியென்றால் என்னுடையது வேண்டாம் என்றேன். சிலந்திக்கு எஃப் 1.8 பயன்படாது, அவ்வளவு பக்கத்தில் போய் அத்தனை திறந்தால் ஒரு கண் மட்டும் தெளியும், மறு கண் மங்கும். துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கி பிளாஷ் போட்டு எடுக்க வேண்டும். பிளாஷ் இருப்பதால் உயர்ந்த ஐஎஸ்ஓ தேவையில்லை. மேக்ரோவில் ஃபோகஸைக் கையால் வைத்துக்கொண்டு உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுப்பார்கள் என்பதால் மோட்டாரும் தேவையில்லை. அன்றைக்கு நான் வேண்டாமென்று சொன்ன அதே வகை மோட்டார் இல்லாத சின்ன பாடிதான் அவளுக்குச் சரி. டி3200 ஒன்றையும், டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோவின் மோட்டார் இல்லாத பழைய வடிவத்தையும் தேடிப் பிடித்தோம். பணத்தில் பெரும்பங்கு லென்ஸுக்கே போனது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அவளே பார்த்தாள்.

தாவும் சிலந்தி ஒன்றின் பெரிய முன்கண்கள் இரண்டும் சட்டகம் நிறைய இருக்கும் படத்தை அடுத்த வாரமே அனுப்பினாள். கேமராவோடு இருக்கும் பிளாஷ் லென்ஸின் நிழலைப் பூச்சிமேல் போடுகிறதாம். தனி பிளாஷ் ஒன்று பழையது வேண்டும் என்கிறாள். பேட்டரி அறையைத் திறந்து உள்ளே தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார், முழு வலுவில் பத்துத் தடவை அடித்துப் பார், ஒவ்வொரு தடவையும் மறுபடி தயாராக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணு, பிறகு விலையைப் பேசு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.